புதுசா கார் வாங்கினவங்களுக்கு: மாசச் செலவக் குறைக்கிறது எப்படி, ஸ்டெப் பை ஸ்டெப்

கார் வாங்கும்போது இ.எம்.ஐ கணக்கு எல்லாரும் போடுறோம், ஆனா அதுக்கப்புறம் பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ்னு போற காச யாரும் எழுதி வைக்கிறதில்ல. இதுல மிச்சம் பிடிக்க மெக்கானிக் வேலையெல்லாம் தெரிய வேண்டாம். சின்ன பெட்ரோல் கார மனசுல வச்சுத்தான் எழுதுறேன், டீசலுக்கும் பெரும்பாலும் இதேதான்.

ஸ்டெப் 1: நிஜ மைலேஜ் கண்டுபிடிங்க

டேஷ்போர்டுல காட்டுற நம்பர அப்படியே நம்பிடாதீங்க. பங்க்ல ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் ஃபுல் டேங்க் போட்டு ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணிடுங்க, அடுத்த தடவ முடிஞ்சா அதே பங்க்ல மறுபடியும் ஆட்டோ கட் வரைக்கும் போடுங்க, ஓடின கிலோமீட்டர இப்ப போட்ட லிட்டரால வகுத்தா வர்றதுதான் உங்க மைலேஜ். கட் ஆனப்புறம் ரவுண்டா வரட்டும்னு இன்னும் கொஞ்சம் ஊத்துவாங்க, வேணாம்னு சொல்லிடுங்க.

ஸ்டெப் 2: டயர்ல காத்து

எவ்வளவு பி.எஸ்.ஐ (காத்தழுத்த அளவு) வைக்கணும்னு டிரைவர் கதவத் திறந்தா பக்கத்துத் தூண்ல ஸ்டிக்கர் இருக்கும். பங்க்ல "எவ்ளோ சார்?"னு கேட்டா அந்த நம்பரச் சொல்லுங்க, டயர்லயே எழுதியிருக்கறது அந்த டயர் தாங்குற அதிகபட்ச அளவு, அத வைக்கக் கூடாது. காலைல வண்டி எடுத்த உடனே, டயர் சூடாகாம இருக்கும்போது செக் பண்ணாதான் சரியா காட்டும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போதும். நைட்ரஜனுக்குக் காசு குடுக்க வேண்டாம், சாதாக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

லாபம் எவ்ளோன்னு பாருங்க. மாசம் 1000 கி.மீ ஓட்டுறீங்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபான்னு வச்சுக்குவோம். மைலேஜ் 15ல இருந்து 17 ஆனா கிட்டத்தட்ட 8 லிட்டர் மிச்சம், அதாவது மாசம் 780 ரூபா பக்கம். காத்து மட்டுமே இவ்ளோ தராது, சிக்னல் தூரத்துல தெரியும்போதே ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுக்கிறது, டிக்கில சும்மா கிடக்கிற சுமைய இறக்குறது எல்லாம் சேரணும்.

ஸ்டெப் 3: சர்வீஸ் பில்லப் படிங்க

வண்டிய விடுறதுக்கு முன்னாடி ஓனர்ஸ் மேனுவல்ல இந்த கிலோமீட்டருக்கு என்னென்ன மாத்தணும்னு பாத்து எழுதிட்டுப் போங்க. அதுல இல்லாத இன்ஜின் ஃப்ளஷ், ஏ.சி கிளீனிங், கோட்டிங் எல்லாம் எஸ்டிமேட்ல வந்தா எதுக்குன்னு கேளுங்க, சரியான காரணம் வரலன்னா எடுத்துடச் சொல்லுங்க, கூச்சமே வேண்டாம், உங்க காசு. ஏ.சி கேபின் ஃபில்டர் நிறைய கார்ல க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னாடிதான் இருக்கும், க்ளோவ் பாக்ஸ இறக்கிட்டு பழச உருவிப் புதுச சொருகினா முடிஞ்சுது, அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்குதுன்னு மட்டும் கவனிங்க. சென்னைல இருக்கவங்க ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைகள்ல விலை விசாரிச்சுப் பாருங்க.

ஸ்டெப் 4: சின்னக் கீறலுக்கு கிளைம் போடுறதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க

நெறைய பேர் காசு விடுறது இங்கதான். கிளைம் இல்லாம ஓட்டினா ஓன் டேமேஜ் பிரீமியத்துல (உங்க கார் சேதத்துக்காகக் கட்டுற பங்கு) நோ கிளைம் போனஸ்ங்கிற தள்ளுபடி வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். ஒரு கிளைம் போட்டா திரும்ப பூஜ்யம்.

ஓன் டேமேஜ் பிரீமியம் 8000 ரூபா, நீங்க 50 சதவீதத்துல இருக்கீங்கன்னா 4000தான் கட்டுவீங்க. கிளைம் போட்டா அடுத்த வருஷம் முழு 8000, அப்புறம் 6400, 6000, 5200, 4400, அதுக்கப்புறம்தான் மறுபடியும் 4000. பிரீமியம் மாறாதுன்னு வச்சா மொத்தம் 10,000 ரூபா நஷ்டம். அதனால 3000 ரூபா பம்பர் பெயின்ட்டுக்கு கிளைம் போடவே போடாதீங்க. பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலன்னாலும் போனஸ் போயிடும், அதோட இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டுறது சட்டப்படி குத்தம், ஒரு நாள் கூட விடாதீங்க. போனஸ் உங்க பேர்லதான், கார் மேல இல்ல, கார வித்துட்டு வேற வாங்கினா சர்டிபிகேட் வாங்கி மாத்திக்கோங்க.

ஸ்டெப் 5: அடிக்கடி ஊருக்குப் போறீங்களா?

ஃபாஸ்டேக் வருஷ பாஸ் பாருங்க. 2025 ஆகஸ்ட் 15ல வந்தப்ப 3000 ரூபா, 200 தடவ, இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது வரைக்கும் செல்லும். 200 தடவையும் போனா அந்த விலைல ஒரு டோல் தாண்ட 15 ரூபாதான் ஆச்சு. ராஜ்மார்க்யாத்ரா ஆப்ல போடலாம். தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும்தான், மாநில ரோடு டோல்ல வழக்கம்போல கட்டணும். பொங்கல், தீபாவளிக்கு மட்டும் போறவங்களுக்குத் தேவையில்ல.

இதுல மட்டும் கை வைக்காதீங்க

பிரேக் பேட், டயர். விலை கம்மின்னு பேர் தெரியாத பிரேக் பேட் போடாதீங்க. டயர் பள்ளத்துக்குள்ள சின்னதா மேடு இருக்கும், தேய்ஞ்சு தேய்ஞ்சு டயர் அந்த மேட்டுக்குச் சமமா வந்துடுச்சுன்னா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம்னு அர்த்தம், மழை வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க.