கிளிநொச்சி வெயிலைக் கணிக்கும் முதல் மாதிரி

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி தாண்டியதும் நாடு முழுக்கக் கறண்ட் நின்றது. தொடக்கம் பாணந்துறை உப மின்நிலையத்தில் வந்த கோளாறு. ஆனால் அன்று மின்தேவை குறைவு, வெயிலோ உச்சம். சோலர் பங்கு கூடிப்போன வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை. அடுத்த மணித்தியால வெயில் முன்கூட்டியே தெரிந்தால், எந்த மின்னுற்பத்தி நிலையத்தை ஓடவிடுவது என்று நேரத்தோடு முடிவெடுக்கலாம். பழைய தரவைப் படித்து அடுத்த மணி வெயிலைச் சொல்லும் ஒரு சிறு கணினி மாதிரியைக் கிளிநொச்சிக்குச் செய்துபார்ப்போம்.

முதலில் தரவு. நாசாவின் வெயில், வானிலைத் தரவுத் தளமான பவரில் (POWER) கிளிநொச்சியின் அகலக்கோடு 9.4, நெடுங்கோடு 80.4 கொடுத்து, 2015 முதல் 2024 வரையான மணித்தியாலத் தரவை இறக்குங்கள், இலவசம். நிலத்தில் விழுந்த கதிர்வீச்சு, முகில் இல்லாவிட்டால் விழுந்திருக்கும் கதிர்வீச்சு, ஈரப்பதன் மூன்றும் போதும். -999 என்றிருந்தால் அளவீடு இல்லை என்று பொருள், வெறுமையாக்குங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். சூரியன் எப்போது எங்கே நிற்கும் என்பதை வாய்பாடே சொல்லிவிடும், அதைப் படிக்க மாதிரி எதற்கு? எங்களுக்குத் தெரியாதது முகில் மட்டும்தான். கார்த்திகை மாரியில் நண்பகலுக்குச் சதுர மீற்றருக்கு 900 வாட் விழவேண்டிய இடத்தில் 270 விழுந்தால் விகிதம் 0.3. இதைத்தான் கணிக்கப்போகிறோம்.

முந்திய மூன்று மணித்தியால விகிதங்களை அட்டவணையில் தனி நிரல்களாக்குங்கள். அதன்பிறகே முகிலற்ற அளவு 50 வாட்டுக்குக் குறைந்த வரிகளை நீக்குங்கள். மாறிச் செய்தால் காலை 7 மணிக்கு 'முந்திய மணி' நேற்றுப் பின்னேரமாகிவிடும்.

மாதிரிக்கு முன், அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எதிராளி வேண்டும்: 'இப்போதைய விகிதமே அடுத்த மணிக்கும்'. சிரிக்காதீர்கள், இது லேசில் தோற்காது. பிறகு பைதன் மொழியின் இலவச நூலகமான சைகிட்-லேர்னில் ரேண்டம் ஃபொரெஸ்ட், அதாவது பல தீர்மான மரங்களின் கணிப்பைச் சராசரியாக்கும் மாதிரி. 2022 வரை பயிற்சி, 2023, 2024 சோதனை. நான் முதற்தடவை வரிகளைக் குலுக்கிப் பிரித்தேன். பிழை அதிசயமாகக் குறைந்தது. மாதிரி ஒரே நாளின் 10 மணியையும் 12 மணியையும் படித்துவிட்டு 11 மணிக்குச் சோதனை எழுதியிருக்கிறது!

விகிதத்தை முகிலற்ற அளவால் திரும்பப் பெருக்கி, பிழையை வாட்டில் பாருங்கள். மாரியையும் கோடையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இந்தக் கதிர்வீச்சுத் தரவின் ஒரு கட்டம் ஏறக்குறைய 110 கி.மீ. அகலம். இரணைமடுவில் மழை, மாங்குளத்தில் வெயில் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வந்துசேரவும் சில நாள் பிந்தும். உண்மையான சோலர் நிலையத்துக்குக் கணிக்க, அங்கேயே ஒரு கதிர்வீச்சுமானி பூட்டவேண்டும். அதுவரை உங்கள் கூரைச் சோலர் இன்வேர்ட்டரின் மணித்தியால வாசிப்புகளை அழிக்காமல் சேர்த்துவையுங்கள்.