கார்டிஃப் நகரில் இசையும் கலையும் தேடிச் செல்வது எப்படி

லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயிலேறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபை அடைந்துவிடலாம். அதனாலேயே காலையில் வந்து, கோட்டையைச் சுற்றிப் பார்த்து, விரிகுடாக் கரையில் படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுபவர்கள் பலர். அவர்கள் ரயிலேறிய பிறகுதான் நகரம் பாடத் தொடங்குகிறது. ஆகவே குறைந்தது இரண்டு இரவுகள் அங்கே தங்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்ப்பது என்று யோசிப்பதற்கு முன், எந்த மாதத்தில் போவது என்பதை முடிவு செய்யுங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

சுமார் 3.6 லட்சம் மக்கள் மட்டுமே வாழும் கார்டிஃப், ஒரு தலைநகருக்குச் சிறிய ஊர். லண்டனைப் போல எந்த நாளில் இறங்கினாலும் ஏதேனும் ஓர் ஓபராவோ வாத்திய இசை நிகழ்ச்சியோ காத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வேல்ஸ் தேசிய ஓபரா ஆண்டின் பெரும்பகுதியை வேல்ஸின் பிற ஊர்களிலும் இங்கிலாந்திலும் சுற்றுப்பயணத்தில் கழிக்கிறது. கார்டிஃபில் அது மேடையேறும் வாரங்கள் சிலவே. பிபிசியின் வேல்ஸ் தேசிய இசைக்குழுவின் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் கோடையில் ஓய்ந்துவிடும். ராயல் வெல்ஷ் இசை, நாடகக் கல்லூரியின் மேடைகளும் கோடை விடுமுறையில் பெரும்பாலும் உறங்கும். டிசம்பரிலோ நியூ தியேட்டரைக் கிறிஸ்துமஸ் காலத்துக் குடும்ப நாடகம் முழுவதுமாக எடுத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் அக்டோபரே சிறந்த மாதம். ஓபராவின் இலையுதிர்ப் பருவம், இசைக்குழுவின் புதிய பருவம், கல்லூரியின் முதல் பருவம் ஆகியவற்றோடு, 2007-ல் தொடங்கிய ஸூன் என்னும் புதிய இசைக்கான விழாவும் பெரும்பாலும் அந்த மாதத்திலேயே வருகிறது. நகர மையத்தின் சிறு அரங்குகளில் ஒரே வேளையில் பல குழுக்கள் வாசிக்க, கைப்பட்டை கட்டிக்கொண்ட மக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்துகொண்டே இருக்கும் விழா அது. கோடையில்தான் போக முடியும் என்பவர்கள், வெல்ஷ் மொழிக் கலைகளுக்கென நடக்கும் கட்டணமில்லாத விழாவான டாஃப்விலின் தேதியைப் பார்த்துப் போகலாம். தேசிய ஐஸ்டெத்வோட் எனப்படும் பெரும் கலைப் போட்டி விழா ஆகஸ்டின் தொடக்கத்தில் நடக்கும். ஆனால் அது ஆண்டுதோறும் ஊர் மாறும் விழா. 2018-ல் கார்டிஃப் விரிகுடாவிலும் 2024-ல் அருகிலுள்ள பான்டிப்ரீத்திலும் நடந்தது. ஆகவே அந்த ஆண்டு எந்த ஊரில் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும், அது ரக்பி. 1999-ல் திறக்கப்பட்ட, சுமார் 74,000 பேர் அமரக்கூடிய பிரின்சிபாலிட்டி விளையாட்டரங்கம் ஊருக்கு வெளியே இல்லை. மத்திய ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், நகரத்தின் நடுவிலேயே நிற்கிறது. பிப்ரவரி, மார்ச், நவம்பர் மாதங்களில் பன்னாட்டு ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் தெருக்கள் அடைக்கப்படும், விடுதி வாடகை ஏறும், ரயில் நிலையத்துக்கு வெளியே வரிசை நீளும். அருங்காட்சியகமும் ஓபராவும்தான் நோக்கம் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆனால் வேல்ஸ் மக்களின் கூட்டுக் குரலைக் கேட்க வேண்டும் என்பவருக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. 1856-ல் பான்டிப்ரீத்தில் தந்தையும் மகனுமாகச் சேர்ந்து படைத்த பாடல்தான் வேல்ஸின் தேசிய கீதம். ஆட்டத்துக்கு முன் அதை அரங்கமே பாடும்போது, நுழைவுச்சீட்டு கிடைக்காதவர்கள் பக்கத்துத் தெரு மதுக்கூடங்களில் நின்று பாடுவார்கள்.

விரிகுடாவில் ஒரு மாலை

குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து விரிகுடாவுக்குச் சில நிமிடங்களில் கொண்டுவிடும் சிறு ரயில் உண்டு. வெளிச்சம் இருக்கும்போது கோட்டைப் பக்கத்திலிருந்து டாஃப் ஆற்றின் வழியே படகிலும் போகலாம். அங்கே பார்க்க வேண்டியது 2004 நவம்பரில் திறக்கப்பட்ட வேல்ஸ் மில்லேனியம் சென்டர். கட்டடக் கலைஞர் ஜோனதன் ஆடம்ஸ் வேல்ஸ் மண்ணின் பலகைக்கல்லையும் வெண்கல நிறம் ஏற்றிய எஃகுத் தகட்டையும் கொண்டு இதை எழுப்பினார். முகப்பில் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் உள்ள பெரிய எழுத்துகள் கவிஞர் க்வினெத் லூயிஸ் இயற்றிய வரிகள். அவை ஒவ்வொன்றும் ஒரு சன்னல் என்பதால், விளக்கேற்றிய பிறகு வெளியே நின்று பார்ப்பதே நல்லது. இதற்கு முன் இவ்விரிகுடாவுக்கென்று கட்டடக் கலைஞர் ஜாஹா ஹதீத் வரைந்து கொடுத்து, போட்டியிலும் வென்ற ஓபரா மாளிகைத் திட்டம் 1995-ல் நிதி மறுக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. பின்னாளில் உலகமே தேடிப்போன ஒரு கலைஞரை அன்று கார்டிஃப் நழுவவிட்டது என்று வருந்துவோர் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த மையத்தின் பெரிய அரங்கில் சுமார் 1,900 பேர் அமரலாம். ஆண்டின் பல வாரங்களில் இங்கே ஓடுபவை லண்டனிலிருந்து வரும் இசை நாடகங்கள். அவற்றை எங்கும் பார்க்கலாம் என்பதால், வேல்ஸ் தேசிய ஓபராவின் வாரத்துக்குக் காத்திருப்பதே மேல். 1943-ல் உருவாகி 1946-ல் கார்டிஃபில் முதன்முதலாக மேடையேறிய இந்நிறுவனத்தின் தொடக்க காலக் கூட்டுப் பாடகர்கள், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். அதன் பெருமை இன்றும் தனிப் பாடகர்களைவிடக் கூட்டுப் பாடகர்களிடமே இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். எனவே முதல் முறை ஓபரா பார்ப்பவர்கள், கூட்டுப் பாடல் மிகுந்த படைப்பாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. இத்தாலிய மொழி தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். மேடைக்கு மேலே ஆங்கிலத்திலும் வெல்ஷிலும் பொருள் எழுத்தாக ஓடும். மேல்மாடத்து இருக்கைகள் மலிவானவை, ஒலியும் அங்கே நன்றாகவே வந்து சேரும். முகப்புக் கூடத்திலுள்ள சிறு மேடையில் சில வேளைகளில் கட்டணமில்லாமல் பாட்டும் நடனமும் நடக்கும் என்பதால், காட்சிக்குச் சிறிது முன்னதாகவே போய்விடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் வெளியே நடந்து பாருங்கள். மில்லேனியம் சென்டருக்கு முன்னுள்ள சதுக்கத்துக்குச் சிறுவர் நூலாசிரியர் ரோல்ட் டாலின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1916-ல் கார்டிஃபின் லாண்டாஃபில் பிறந்த அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த நார்வே மாலுமிகளின் தேவாலயம், இன்று விரிகுடாவின் கரையில் வெள்ளை மரக் கட்டடமாக நிற்கிறது. சற்று உள்ளே தள்ளியிருக்கும் பியூட் டவுன், நிலக்கரிக் கப்பல்களில் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறிய பழைய டைகர் பே. பாடகி ஷர்லி பாஸி 1937-ல் பிறந்தது அங்கேதான்.

வாத்திய இசைக்கு எங்கே போவது

பழைய வழிகாட்டி நூல்கள் எல்லாம் உங்களைச் செயின்ட் டேவிட்ஸ் ஹாலுக்கு அனுப்பும். 1982-ல் திறக்கப்பட்டு, 1983 முதல் உலகப் பாடகர்களுக்கான பிபிசியின் போட்டியை நடத்திவந்த அந்தப் பெரிய மண்டபம், கூரையிலுள்ள இலேசான கான்கிரீட் பலகைகள் பாதுகாப்பற்றவை என்று அஞ்சப்பட்டு 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். பிபிசியின் வேல்ஸ் தேசிய இசைக்குழுவை அதன் சொந்த இடமான ஹாடினாட் ஹாலிலேயே கேட்கலாம். மில்லேனியம் சென்டருக்குள்ளேயே இருக்கும், வேல்ஸ் இசையமைப்பாளர் ஆலன் ஹாடினாட்டின் பெயர் தாங்கிய அந்த மண்டபத்தில் 350 பேர் மட்டுமே அமரலாம். முழு இசைக்குழுவை அவ்வளவு நெருக்கத்தில் கேட்கும் வாய்ப்பு வேறு நகரங்களில் அரிது. அதனாலேயே முன்பதிவை இறுதி நேரம் வரை தள்ளிப் போடக் கூடாது. நிகழ்ச்சிகள் பல வானொலிக்குப் பதிவாகும் என்பதால் கைபேசியை அணைத்துவிடுங்கள்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு ராயல் வெல்ஷ் இசை, நாடகக் கல்லூரியை முதலில் சொல்வேன். 1949-ல் கோட்டைக்குள் தொடங்கி, இன்று கோட்டையை ஒட்டிய பியூட் பூங்காவின் ஓரத்தில் இயங்கும் இக்கல்லூரியில், 2011-ல் கட்டிய டோரா ஸ்டவுட்ஸ்கர் மண்டபத்தின் ஒலி மிகத் தெளிவானது. மாணவர்களின் நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் குறைவு. பருவ காலத்து வெள்ளிக்கிழமைகளில் கூடத்திலேயே ஜாஸ் வாசிப்பார்கள், அதற்குச் சீட்டே வேண்டியதில்லை.

வுமன்பி தெரு

கோட்டைக்கு எதிரே, கவனிக்காமல் கடந்துவிடக்கூடிய குறுகலான தெரு இது. இங்கே 1983 முதல் இயங்கும் க்ளூப் இவோர் பாக், வெல்ஷ் மொழி பேசுவோர் தமக்கென ஓர் இரவு விடுதி வேண்டும் என்று தொடங்கியது. 1158-ல் எதிரிலுள்ள கோட்டையின் மதிலேறிக் குதித்து, பிரபுவைக் குடும்பத்தோடு சிறைபிடித்துப் போன வேல்ஸ் தலைவனின் பெயரையே, கோட்டையைப் பார்த்தபடி நிற்கும் கட்டடத்துக்கு வைத்த குறும்பை ரசிக்காமல் இருக்க முடியாது. இப்போது எல்லா மொழிக் குழுக்களும் அங்கே வாசிக்கின்றன. வெல்ஷ் மொழிக் குழு வாசிக்கும் இரவையே நான் பரிந்துரைப்பேன். பார்வையாளருக்கு மொழி தெரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பெரும்பாலும் நின்றபடிதான் கேட்க வேண்டும். வயதைக் காட்டும் அடையாள அட்டை இல்லாமல் வாசலைத் தாண்டுவது கடினம். முக்கியக் குழுவுக்கு முன் வாசிக்கும் புதியவர்களைத் தவறவிடாமல் இருக்க, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது.

அருகே குடியிருப்பும் விடுதியும் கட்டும் திட்டங்கள் வந்தபோது, பின்னாளில் சத்தம் பற்றிய புகார்களால் அரங்குகள் மூடப்படும் என்று அஞ்சிய இசைக் கலைஞர்களும் ரசிகர்களும் 2017-ல் தெருவைக் காக்க இயக்கம் நடத்தினார்கள். அதன் பிறகு வேல்ஸ் அரசின் திட்டமிடல் விதிகளில், பழைய அரங்கின் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு என்ற கொள்கை இடம்பெற்றது. ஆயினும் நகரில் சிறு அரங்குகள் மூடுவது நின்றுவிடவில்லை. கையிலுள்ள பட்டியல் சில மாதங்கள் பழையது என்றால் மறுபடி சரிபாருங்கள். எந்த இரவில் எங்கே யார் வாசிக்கிறார்கள் என்று அறிய, 1894-ல் தொடங்கி உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடை எனப் பெயர் பெற்ற ஸ்பில்லர்ஸுக்குப் போய்க் கேட்கலாம். கண்ணாடிக் கூரை வேய்ந்த மார்கன் ஆர்கேடில் அது இருக்கிறது. உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கான சீட்டுகளும் அங்கே கிடைக்கும்.

பகல் பொழுதுக்கு

கேத்தேஸ் பார்க்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமைகளில் பொதுவாக விடுமுறை. பழைய கட்டடம் என்பதால் சில கூடங்கள் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கக்கூடும். நேராக ஓவியக் கூடத்துக்குச் சென்று, க்வென்டலின், மார்கரெட் டேவிஸ் என்னும் சகோதரிகள் 1951-லும் 1963-லும் விட்டுச் சென்ற 260 படைப்புகளைத் தேடுங்கள். 1874-ன் முதல் இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சியில் தொங்கிய ரென்வாரின் நீல உடைப் பெண், மோனேயின் அல்லிக் குளங்கள், வான் கோ இறந்த மாதத்தில் வரைந்த, ஓவேர் என்னும் ஊரின் மழைக் காட்சி ஆகியவை அவற்றில் அடங்கும். இவற்றை வாங்கிய பணம், அவர்களுடைய பாட்டனார் நிலக்கரியிலும் ரயில் பாதையிலும் துறைமுகத்திலும் ஈட்டியது. அந்த நிலக்கரியை வெட்டியவர்களின் பக்கத்தைப் பார்க்க, மறுநாள் பேருந்தில் செயின்ட் ஃபாகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதற்கும் கட்டணம் இல்லை. 1917-ல் ஓக்டேல் சுரங்கத் தொழிலாளர்களுக்காக எழுந்த நூலகமும் கச்சேரிக் கூடமும் கொண்ட மன்றத்தைக் கல் கல்லாகப் பிரித்து வந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அரை நாள் போதாது.

லாண்டாஃப் தேவாலயத்துக்குப் பியூட் பூங்கா வழியே ஆற்றோரம் நடந்தே போகலாம். நடுக்கூடத்தின் குறுக்கே கான்கிரீட் வளைவின் மேல் நிற்கும் சிற்பி எப்ஸ்டைனின் அலுமினியக் கிறிஸ்து உருவத்தை விரும்பாதவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கும். கேன்டன் பகுதியில் 1971-ல் பழைய பள்ளிக் கட்டடத்தில் தொடங்கிய சாப்டர் கலை மையம், திரைப்படமும் நாடகமும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம். மழை நாளுக்கு ஏற்றது.

சேர்ந்திசைக் குழுவின் ஒத்திகைக்குப் போவது

வேல்ஸின் ஆண்கள் சேர்ந்திசைக் குழுக்களை மேடையில் கேட்பதைவிட ஒத்திகையில் கேட்பதே சிறப்பு. கார்டிஃபிலும், அதற்கு வடக்கேயுள்ள பள்ளத்தாக்கு ஊர்களிலும் வாரம் ஒன்றிரண்டு மாலைகளில் இவை கூடுகின்றன. பல குழுக்கள் விருந்தினரை மனமுவந்து வரவேற்கின்றன. ஆனால் கச்சேரிப் பயணத்தின்போதும் விடுமுறையிலும் ஒத்திகை இராது என்பதால், குழுவின் செயலாளருக்கு ஒரு வாரம் முன்பே எழுதி, நாளையும் இடத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பாடகர்கள் பலர் நம்மூர் ஸ்வரங்களைப் போல ‘டோ, ரே, மி’ எழுத்துகளைப் பார்த்துப் பாடும் மரபில் வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தேவாலயங்கள் வழியே பரவிய அந்த முறையில், சுருதி எதுவானாலும் ‘டோ’ நம் ‘ஸ’வைப் போல இடம் பெயர்ந்துகொள்ளும். மேற்கத்தியக் குறியீடு படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளி நான்கு குரல் கூட்டிசையில் பாட முடிந்தது இப்படித்தான். ஆங்கிலப் பாமாலைகளைப் பாடி வளர்ந்தவர்கள், 1907-ல் பான்டிப்ரீத் அருகே பிறந்த ‘கும் ராந்தா’ மெட்டை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள். கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். நன்கொடைப் பெட்டி இருந்தால் ஏதேனும் போடுங்கள். ஒத்திகை முடிந்ததும் பாடகர்கள் பக்கத்து மதுக்கூடத்துக்குப் போய்க் குறிப்பேடு இல்லாமல் மறுபடியும் பாடுவது வழக்கம்; அழைத்தால் தயங்காமல் போங்கள், குடிக்காதவரை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ட்ரியோர்கி போன்ற பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து கார்டிஃப் திரும்ப ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை ஒத்திகைக்குள் நுழைவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.