குதிரை ஏற்ற வண்டி பிடிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்கு வருகிறவர்களில் பலர், பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துக் குதிரையை முடிக்கிறார்கள். வண்டியைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. வாடகை குறைவாகச் சொல்கிற லோடு வண்டியில் ஏற்றிக் கிளம்பிவிடுகிறார்கள். நெல் மூட்டைக்கு அது போதும். குதிரையோ வழி முழுக்க நான்கு காலில் நின்றபடி, ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் உடம்பைச் சமாளித்துக்கொண்டே வருகிற சுமை. அது எங்கே, எப்படி நிற்கும் என்று பார்த்துத்தான் வண்டி பிடிக்க வேண்டும்.

எடையை மட்டும் கேட்டு முடிவு செய்வது

“முக்கால் டன் தாங்கும் வண்டி, உங்க குதிரை 400 கிலோதானே” என்று குட்டியானைக்காரர் சொல்வார். கணக்கு சரிதான். ஆனால் அந்த வண்டியின் சொந்த எடையே ஒரு டன்னுக்குள். குதிரையின் எடையில் பெரும்பகுதி தளத்திலிருந்து இரண்டரை, மூன்றடி உயரத்தில் இருக்கிறது. அது ஒரு பக்கம் காலை மாற்றி வைத்தாலே வண்டி ஆடும். வளைவில் மிரண்டு சாய்ந்தால் ஓட்டுநரால் பிடிக்க முடியாது. ஏழடி நீளத் தளத்தில் தலையை நீட்டவும் இடம் கிடையாது. குட்டியானை சிறு மட்டக்குதிரையோடு, பக்கத்து ஊர் தூரத்தோடு நிற்கட்டும்.

பெரிய வண்டியிலும் ஒரு சங்கடம் உண்டு. ஏழெட்டு டன் தாங்குகிற லாரியில் ஒற்றைக் குதிரையை ஏற்றினால் அச்சுக்கு மேலிருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கவே அமுங்காது. ஒவ்வொரு வேகத்தடையும் நேராகக் காலில் ஏறும். பின் அச்சுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதிதான் அதிகம் தூக்கிப்போடும். குதிரையை அச்சுக்கு முன்னால் நிறுத்துகிற மாதிரி நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். டிராக்டர் டிப்பர் வேண்டவே வேண்டாம். பலவற்றில் பட்டையே இருக்காது.

இடக் கணக்கைத் தவறவிடுவது

2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிப்படி ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம், நிலையான தடுப்புடன் வேண்டும். அதாவது சுமார் 24 சதுர அடி. 14 அடி நீளம், ஆறரை அடி அகலமுள்ள ஐஷர் லாரியில் 91 சதுர அடி வரும். மூன்று குதிரை, நான்கு இல்லை. அதைவிடச் சிறிய டாடா 407 லாரியில் இரண்டு. ஒன்பதடி பிக்கப்பிலும் கணக்குப்படி இரண்டு வரும். ஆனால் அகலம் ஐந்தரை அடிதான் என்பதால் இரண்டும் உரசிக்கொண்டு நிற்கும். இரண்டு ஆண் குதிரைகள் என்றால் கடியும் உதையும் நிச்சயம். பிக்கப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதே நல்லது.

1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் இன்னும் நுணுக்கமாகப் பேசுகின்றன. குதிரைகளுக்கு இடையே குறைந்தது 8 செ.மீ. விட்டமுள்ள மூங்கில், பின்னால் விழாமல் தடுக்க இரண்டு உறுதியான கட்டைகள், போகிற வாகனங்களைப் பார்க்காதபடி தலை இடதுபுறம். கடைசி விதியின்படி குறுக்கே நிறுத்த வேண்டுமென்றால் அகலம் முக்கியம். உயரமான பந்தயக் குதிரைக்கு ஏழடிக்குக் குறைந்தால் மூக்கு பலகையில் இடிக்கும்.

மூங்கில் தடுப்பைத் தரை வரை இறக்கிக் கட்டுவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. வண்டி திரும்பும்போது குதிரை காலை அகட்டி ஊன்றும். அதற்குக் கீழே இடம் வேண்டும். தோள்பட்டைக்கும் வயிற்றுக்கும் இணையாக இரண்டு மூங்கில் போதும்.

தளத்தைப் பார்க்காமல் விடுவது

வண்டி பிடிப்பதில் பாதி வேலை இதுதான் என்பேன். லோடு வண்டித் தளம் பெரும்பாலும் இரும்புத் தகடு. இரும்பு லாடம் அதன்மேல் நின்று, சிறுநீரும் பட்டால் சோப்புத் தரைதான். ஒருமுறை சறுக்கிய குதிரை பிறகு வழி முழுக்க உதறிக்கொண்டே வரும். அரை அங்குலத்துக்குக் குறையாத ரப்பர் பாயை விரித்து, மேலே வைக்கோலோ மரத்தூளோ போடுங்கள். வெறும் வைக்கோலை மட்டும் போட்டால் பத்துக் கிலோமீட்டருக்குள் மூலைக்கு ஒதுங்கிவிடும். மணல் பிடிப்பு தரும், ஆனால் காற்றில் பறந்து கண்ணில் விழும்.

மரத்தளம் என்றால் விரிப்பைத் தூக்கிவிட்டு, குதிகாலால் பலமாக மிதித்துப் பாருங்கள். சிறுநீர் ஊறி உளுத்த பலகை மேலே நன்றாகத்தான் தெரியும். பிறகு பின்கதவு. அதற்கும் தளத்துக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி இருந்தாலே குளம்பு சிக்கிக்கொள்ளும்; பலகை வைத்து மூடுங்கள். கடைசியாக உள்பக்கச் சுவர் முழுக்கக் கையால் தடவுங்கள். கயிறு கட்டும் கொக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட், பிளந்த தகடு எல்லாம் தொடை உயரத்தில்தான் இருக்கும். சாக்கில் வைக்கோல் திணித்துக் கட்டினால் ஆயிற்று.

ஏற்றுகிற இடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

ஐஷர் தளம் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. எட்டடிப் பலகையைச் சாய்த்தால் 26 பாகைச் சரிவு. பல குதிரைகள் அங்கேயே முரண்டு பிடிக்கும். பத்தடி என்றால் 20 பாகைக்கு வந்துவிடும். பலகையில் அரையடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம், நடுவில் வளையாதபடி முட்டு. மண்மேட்டோடு வண்டியை ஒட்டி நிறுத்த முடிந்தால் பலகையே தேவையில்லை. ஆனால் இறக்குகிற ஊரிலும் மேடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதை மறந்தவர்கள் மூன்றரை அடியிலிருந்து குதிரையைக் குதிக்க வைத்து முன்னங்காலைக் கெடுத்திருக்கிறார்கள்.

காற்றும் தலையும்

வெயிலுக்குப் பயந்து மூடிய கன்டெய்னர் பிடிப்பவர்கள் உண்டு. குதிரைகளின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து உள்ளே அடுப்பாகிவிடும், வண்டி நின்றால் இன்னும் மோசம். திறந்த பாடிதான் சரி. மேலே தார்ப்பாய், முன்பக்கம் முழுத் தடுப்பு, பக்கவாட்டில் மேல் பாதி திறந்திருக்கட்டும். தார்ப்பாய்க் கம்பி தளத்திலிருந்து ஏழரை அடிக்குக் குறைந்தால் தலை தூக்கும்போது உச்சியில் அடிபடும். புகைக்குழாய் எந்தப் பக்கம் வாய் திறக்கிறது என்பதையும் குனிந்து பாருங்கள்.

கட்டும் வளையம் குதிரையின் நெஞ்சு உயரத்தில் வேண்டும். மேலே கம்பியில் இழுத்துக் கட்டினால் தலையைத் தாழ்த்த முடியாது. தலை தாழ்ந்தால்தான் மூச்சுக்குழலில் சேரும் சளியும் தூசியும் வெளியேறும். பல மணி நேரம் தலையைத் தூக்கியே வந்த குதிரைக்கு நுரையீரலில் சீழ் கட்டுவது இப்படித்தான் தொடங்குகிறது. வளையத்தில் மெல்லிய சணல் சுருக்கு போட்டு, அதில் கயிற்றைக் கட்டுங்கள். குதிரை விழுந்தால் சணல் அறுந்து கழுத்து தப்பும்.

ஓட்டுநரிடம் பேசாமல் விடுவது

அதே 1978 விதிப்படி வேகம் மணிக்கு 35 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது, ஒரு வண்டிக்கு ஓர் ஆள் உடன் வர வேண்டும். 400 கி.மீ. என்றால் ஓட்டம் மட்டுமே 11 மணி நேரத்துக்கு மேல். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுவது தனி. டிரிப் வாடகை பேசியவர் இதற்குச் சம்மதிக்க மாட்டார். நாள் வாடகையாகப் பேசிவிடுங்கள். திரும்பும் வண்டி என்று வேறு சரக்கையும் சேர்த்து ஏற்றப் பார்த்தால் மறுத்துவிடுங்கள், விதிப்படியும் அது கூடாது.

முந்தைய சுமை என்ன என்றும் கேளுங்கள். சிமென்ட் தூள் ஈரம் பட்டால் குளம்படியை அரிக்கும். உரம் சிந்தியிருந்தால் நக்கிவிடும். முன்பு குதிரை ஏற்றிய வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. கிளாண்டர்ஸ் நோயுள்ள குதிரையின் மூக்குச்சளி பட்ட தொட்டி வழியாக அடுத்த குதிரைக்குத் தொற்று வரும், மனிதர்களுக்கும் பரவும். நோய் உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவது தவிர வேறு வழியில்லை. சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசல் தெளித்து, மறுபடி கழுவி வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே ஏற்றுங்கள். தண்ணீர் வாளி உங்களுடையதாகவே இருக்கட்டும்.