மாநகராட்சியின் பழைய விதிகளைச் சேமிப்பது எப்படி?

சென்னை மாநகராட்சி ஒரு நூற்றாண்டுக்கு மேல் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கியது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் பழைய சொத்துவரி நிலுவை ஒன்றைச் சரிபார்க்க, நிலுவை ஏற்பட்ட ஆண்டில் நடப்பில் இருந்த விதிகளே வேண்டும். அப்படியொரு நிலுவைக்காக அலைந்தபோதுதான், விதிகளையும் துணைவிதிகளையும் நானே சேமிக்கத் தொடங்கினேன்.

முதலில், அரசிதழில் வந்த பிடிஎஃப் கோப்பை இறக்கி, 'மூலம்' என்ற கோப்புறையில் திருத்தாமல் வையுங்கள். அதன் ஷா-256 எண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணிக்கும் கைரேகை போன்ற எண்) குறித்துக்கொண்டால், பின்னாளில் கோப்பு மாறவில்லை என்று காட்ட முடியும். இணையத்தில் இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கலாம். தாளாகக் கிடைத்தால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சாம்பல் நிறத்தில் வருடுங்கள். வெறும் கறுப்பு வெள்ளையில் வருடினால் மெய்யெழுத்தின் புள்ளிகள் கரைந்துவிடும்.

இரண்டாவது படியில்தான் நான் இரண்டு வாரம் தடுமாறினேன். திரையில் 'சொத்துவரி' என்று தெளிவாகத் தெரிந்த பக்கத்தில் அச்சொல்லைத் தேடினால் ஒன்றுமே அகப்படவில்லை. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தபோது ஆங்கில எழுத்துகளும் யென், பவுண்டுக் குறிகளுமாக வந்து விழுந்தன. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. பக்கப் படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தேடத்தக்கதாக்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் மென்பொருளிடம் கொடுத்தால், பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று மறுத்துவிடும். 'ஸ்கிப் டெக்ஸ்ட்' தெரிவைப் போட்டு வேலை முடிந்ததென்று நான் மகிழ்ந்தேன். அதுவோ அக்குப்பையை அப்படியே விட்டுவைத்திருந்தது. இங்கே 'ஃபோர்ஸ் ஓசிஆர்' தெரிவுதான் வேண்டும்: பக்கத்தைப் படமாக்கி, டெசராக்ட் என்ற எழுத்துணரி வழியாகப் புதிதாக வாசிக்கும். மொழியாகத் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் கொடுங்கள். கட்டணம் கேட்கும் மென்பொருள்களையும் முயன்றேன். இந்த இலவசக் கருவியே எனக்குப் போதும். ஆயினும் தொகைகளையும் பிரிவு எண்களையும் மூலத்தோடு கண்ணால் ஒப்பிடாமல் விடாதீர்கள்.

மூன்றாவதாக, கோப்பின் பெயரில் ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். மேற்சொன்ன உள்ளாட்சிகள் சட்டத்தின் பெயரில் 1998 என்றிருக்கிறது. அதுவே 1999ஆம் ஆண்டின் 9ஆம் சட்டம். நிலையாக நடைமுறைக்கு வந்ததோ 2023இல். ஆகவே அரசிதழ் நாள், நடைமுறை நாள், நீக்கப்பட்ட நாள் ஆகிய மூன்றையும் ஒரு விரிதாளில் தனித்தனிப் பத்தியாக வைத்திருக்கிறேன். திருத்தம் வந்தால் பழைய கோப்பின்மேல் எழுதாமல், புதிய வரிசை சேர்க்கிறேன்.

கடைசியாக, ஒரு நகல் வன்தட்டிலும் இன்னொன்று இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணகத்திலும் இருக்கட்டும். அரசிதழில் வெளியானவற்றை மறுவெளியீடு செய்யப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டமன்றச் சட்டங்களை மட்டும் விளக்கவுரையோ சொந்தக் குறிப்போ சேர்த்து வெளியிட வேண்டும்.

பின்சேர்க்கை: பழைய தமிழ் அரசிதழ்களில் 'னை', 'லை' எல்லாம் பிழையாக வருவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் அவை துதிக்கை போன்ற கொம்போடு இருக்கும். டெசராக்ட் அங்கே தடுமாறுகிறது. அப்பக்கங்களை நான் கையால்தான் தட்டச்சு செய்கிறேன்.