தாய்லாந்தில் சொந்த வீடு கட்டுதல்: வேலை மூடி மறைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தாய்லாந்தில் வெளிநாட்டவர் தம் பெயரில் மனை வாங்குவது பொதுவாக இயலாது. ஆனால் அந்த மனைமேல் எழும் கட்டடத்துக்கு அவர் உரிமையாளராக இருக்கலாம். என்னைப் போலத் தாய்லாந்துப் பெண்ணை மணந்தவர்கள், மனையை மனைவி பெயரில் வாங்கியபின், கட்டடத்துக்கான மேல்நில உரிமையையோ (பிறர் மனைமேல் கட்டடம் வைத்திருக்கும் உரிமை) 30 ஆண்டுக் குத்தகையையோ நில அலுவலகத்தில் பதிந்துகொள்வது வழக்கம். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதியாமல் விட்டால் அது மூன்று ஆண்டுக்கு மேல் செல்லாது. மனைக்குச் 'சனோட்' எனப்படும் முழு உரிமைப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டட அனுமதியையும் ஒப்பந்தத்தையும் உங்கள் பெயரிலேயே எடுங்கள். வீடு உங்களுடையது என்பதற்கு நாளை சான்றாக நிற்பவை அவைதாம்.

எங்கள் மனை சியாங் மாய்க்கு வெளியே, முன்பு நெல் விளைந்த வயல். இத்தகைய நிலத்தைச் சாலை மட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்திய பிறகு, ஒரு மழைக்காலம் முழுவதும் சும்மா விடுவது நல்லது. மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையில் மண் தானாகப் படிந்து இறுகும். அவசரப்பட்டு அதன்மேல் தளம் போட்டவர்களின் கார் நிறுத்துமிடம் வீட்டிலிருந்து பிரிந்து இறங்குவதைப் பல தெருக்களில் காணலாம். வரைபடம் போடும்போதே எல்லையையும் அளந்துகொள்ளுங்கள்: 9 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட வீட்டில், சன்னலோ கதவோ உள்ள சுவர் பக்கத்து மனையின் எல்லையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

வேலையை இரண்டு வகையில் கொடுக்கலாம். பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாக ஒப்படைப்பது ஒரு வகை; கூலியை மட்டும் பேசி, பொருளை நாமே வாங்கித் தருவது மற்றொன்று. தினமும் களத்துக்குப் போக முடிந்தவருக்கு இரண்டாவதையே நான் சொல்வேன், ஏனெனில் கம்பியின் தடிமனும் சிமென்டின் தரமும் அப்போதுதான் நம் கையில் இருக்கும். எந்த வகையானாலும் பணத்தைத் தேதிக்குக் கொடுக்காதீர்கள். முடிந்த வேலைக்குத் தவணையாகக் கொடுங்கள். ஏப்ரல் நடுவில் வரும் சொங்க்ரான் புத்தாண்டுக்கும் நடவு, அறுவடைக் காலங்களுக்கும் ஆட்கள் ஊருக்குப் போவார்கள். வேலை முடிக்கும் கெடுவில் அந்த நாட்களைக் கழித்துவிட்டால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இராது.

அங்கே கொத்தனார், தச்சர், மின்பணியாளர் எல்லாரையும் 'சாங்' என்று மரியாதையாக அழைப்பார்கள். அவர்கள் தலையசைத்தால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறர் மனம் நோகுமே என்ற தயக்கத்தால் நேரே மறுத்துப் பேசாத பண்பு அது. அதற்குக் 'கிரெங் ஜாய்' என்று பெயர். ஆகவே "புரிந்ததா?" என்று கேட்பதைவிட, "எப்படிச் செய்யப்போகிறீர்கள், வரைந்து காட்டுங்கள்" என்று கேட்பதே பயன் தரும். பிறர் முன்னிலையில் குரலை உயர்த்தினால் மறுநாள் ஆள் வராமலே போகலாம். முதல் தூண் நாட்டும் சடங்கை நல்ல நேரம் பார்த்து நடத்துங்கள். நம் ஊர் நிலைவாசல் பூசையைப் போல அவர்களுக்கு அது முக்கியமானது.

கட்டுமானத்தில் எது நாளை கண்ணுக்கு மறையப்போகிறதோ, அது மறையும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் விலக்கி நிறுத்தும் சிறு கட்டை) உள்ளதா, கலவை இளகுவதற்காகக் கூடுதல் தண்ணீர் விடுகிறார்களா என்று கவனியுங்கள். தளத்துக்கு அடியில் கறையான் மருந்து செலுத்தும் குழாயைப் பதிக்க வேண்டிய நேரமும் அதுவே. கதவு, சன்னல் ஓரங்களில் கம்பி வைத்த சிறு கான்கிரீட் தூணும் மேல்விட்டமும் அவசியம். அவற்றைத் தவிர்த்த சுவரில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

நான் ஏமாந்தது தரை ஓட்டில். அங்கே சிலர் ஓட்டின் முதுகில் நடுவே ஓர் உருண்டைச் சாந்தை வைத்து அப்படியே அழுத்திவிடுவார்கள்; ஆவியில் வேகும் 'சலாபாவ்' பன்னின் பெயராலேயே அந்த முறையை அழைக்கிறார்கள். நடு ஒட்டும், நான்கு மூலையும் பொள்ளலாக நிற்கும். எங்கள் கூடத்தில் நாணயத்தால் தட்டிப் பார்த்தபோது வரிசையாக 'டொக் டொக்' என்று வெற்றோசை கேட்டது. பெயர்த்த ஓட்டின் அடியில் உள்ளங்கை அளவு சாந்துதான் இருந்தது. பல் வைத்த கரண்டியால் பசையை முழுப் பரப்பிலும் இழுத்து ஒட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். குளியலறையில் ஓடு பதிக்கும் முன், நீர்க்காப்பு பூசி, வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பாருங்கள்.

குழாய் அளவைக் கடையில் 'ஹுன்' என்று சொல்வார்கள். ஒரு ஹுன் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஆகவே அரை அங்குலக் குழாய் 4 ஹுன். நீலப் பிவிசி குழாயில் 5, 8.5, 13.5 என்று அழுத்தம் தாங்கும் தரம் அச்சிட்டிருக்கும். மோட்டார் அழுத்தம் தாங்க வேண்டிய குழாய்க்கு 13.5 வாங்குங்கள். மின்சாரத்துக்கு எல்லாச் சுவிட்ச் பெட்டிக்கும் மூன்றாவது கம்பியாக எர்த் இழுக்கச் செய்து, 2.4 மீட்டர் செப்புப் பூச்சுத் தண்டை மண்ணில் இறக்கச் சொல்லுங்கள்.

கடைசித் தவணையை, எல்லாக் கதவும் உரசாமல் மூடி, எல்லாக் குழாயும் ஒழுகாமல் ஓடிய பிறகே கொடுங்கள். வேலை முடிந்த 15 நாளுக்குள் வீட்டு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த எண் கிடைத்த பின்புதான் கட்டும்போது வைத்திருந்த தற்காலிக மின் மீட்டரை மாற்றி நிரந்தர மின் இணைப்புப் பெற முடியும்.