கேம் ஸ்டுடியோவை விற்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் இப்போது நாலு பேர் சேர்ந்தால் கேம் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். சரவணம்பட்டியில் வாடகைக்கு ஒரு மாடி, இரண்டு நல்ல கிராபிக்ஸ் கார்டு, காலேஜ் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். நல்லதுதான், செய்யட்டும். ஆனால் கேம் கொஞ்சம் ஓடத் தொடங்கி, "உங்கள் ஸ்டுடியோவை வாங்க விரும்புகிறோம்" என்று எங்கிருந்தோ ஒரு மெயில் வந்ததும் இவர்கள் செய்கிற காரியம் இருக்கிறதே, எங்கள் ஸ்டுடியோவை விற்ற அன்றைக்கு எங்கள் குழு செய்ததை வரி மாறாமல் செய்கிறார்கள்.

வக்கீல் வையுங்கள், கணக்கைச் சுத்தமாக வையுங்கள், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர்கள் கம்பெனி விற்க வேண்டாம், சந்தைக்குத் தக்காளி வாங்கக்கூடப் போக வேண்டாம்.

வில்லனைத் தேடுவது

காந்திபுரத்து பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடி வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு ஒரு வேதவாக்கு உண்டு: அமெரிக்க கேம் நிறுவனமான ஈஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) வாங்கினால் ஸ்டுடியோ செத்தது. சாட்சிக்கும் குறைவில்லை. அல்டிமா தந்த ஒரிஜினை 1992-இல் 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்கினார்கள், 2004-இல் மூடினார்கள். பாப்புலஸ், தீம் பார்க் தந்த புல்ஃபிராக் 1995-இல் கைமாறி 2001-இல் பெயரே இல்லாமல் கரைந்தது. கமாண்ட் அண்ட் காங்கர் தந்த வெஸ்ட்வுட் 1998-இல் போய் 2003-இல் முடிந்தது. பாண்டெமிக்குக்கு இரண்டு வருடம்கூடத் தரவில்லை.

சரி, ஆனால் அதே ஈஏ 1991-இல் கனடாவின் டிஸ்டிங்க்டிவ் சாஃப்ட்வேரையும் வாங்கியது. நீட் ஃபார் ஸ்பீட் அங்கிருந்துதான் வந்தது. ஸ்காட்லாந்தின் டிஎம்ஏ டிசைன் கைமாறிக் கைமாறி டேக்-டூ என்ற கம்பெனியிடம் சேர்ந்து, ராக்ஸ்டார் நார்த் ஆகி, 2002-இல் வைஸ் சிட்டியைத் தந்தது. நாட்டி டாக்கை சோனி 2001-இல் வாங்கியது, இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆக, வாங்குபவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராய்வதில் பயனில்லை. வாங்கிய பின் என்ன கேம் செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஃபேபிள் தந்த லயன்ஹெட்டை மைக்ரோசாஃப்ட் 2006-இல் வாங்கியது. தனியாளாக ஆடும் கதை கேமில் பேர்பெற்றவர்கள், கடைசியில் ஃபேபிள் லெஜண்ட்ஸ் என்று பலர் சேர்ந்து ஆடும் இலவச கேம் ஒன்றில் மாட்டிக்கொண்டார்கள். 2016-இல் கேமும் போயிற்று, ஸ்டுடியோவும் போயிற்று. பிரே தந்த ஆர்கேன் ஆஸ்டினும் இதே வழி. கூட்டாகச் சுடும் ரெட்ஃபால் 2023-இல் வந்து படுத்தது, மறு வருடம் மே மாதம் கதவடைப்பு. சமையலில் பேர்பெற்ற ஆளைக் கூட்டிவந்து கணக்கெழுத வைத்துவிட்டு, கணக்குத் தப்பு என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

புல்ஃபிராக்கில் நடந்தது இன்னொரு வகை. பீட்டர் மாலினியூவை ஈஏவின் துணைத் தலைவராக்கினார்கள். கேம் செய்த மனிதர் கூட்டங்களில் உட்கார வேண்டியதாயிற்று. டஞ்சன் கீப்பரை முடித்துவிட்டு 1997-இல் வெளியேறினார், போய்த் தொடங்கியதுதான் லயன்ஹெட். அதுவும் பிறகு விலைபோனதை மேலே சொன்னேன்.

பாதி விலை இன்று, பாதி விலை "பார்த்துக்கலாம்"

இதை மட்டும் நீட்டி எழுதப்போகிறேன். இத்தனை வருடம் ஆகியும் நினைத்தால் எரிச்சல் வருகிற விஷயம் இது.

எர்ன்-அவுட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. பேசிய விலையில் ஒரு பங்கு கையெழுத்தன்று வரும். மீதி, குறித்த காலத்துக்குள் குறித்த வருமானத்தையோ டவுன்லோடையோ தொட்டால் வரும். கேட்க நியாயமாக இருக்கும். "உங்கள் கேம் மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று வாங்குபவர் சிரித்துக்கொண்டே கேட்பார். இல்லை என்று எந்தப் படைப்பாளி சொல்வான்?

எங்கள் கேம், பொள்ளாச்சி–கோவை தடத்தில் தனியார் பஸ்ஸை டைமுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முன்னால் போகிற வண்டியை உக்கடத்துக்குள் பிடித்தாக வேண்டும், இடையில் ஸ்டாப்பில் நிற்கிற ஆளையும் விடக்கூடாது. முதல் பாகம் நன்றாகவே ஓடியது. ஒரு வெளியூர் கம்பெனி வாங்கியது. மீதித் தொகை இரண்டாம் பாகத்தின் டவுன்லோடைப் பொறுத்தது. அதற்கான கடைசித் தேதி ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. கேமை எப்போது வெளியிடுவது என்பதை வாங்குபவர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்ற வரி, கடைசியில் இணைப்பில், பொடி எழுத்தில் இருந்தது. இரண்டு வரியையும் எல்லோரும் படித்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் படிக்கவில்லை.

அப்புறம் நடந்தது எளிமையானது. தீபாவளிக்கு வெளியிடத் தயாராக இருந்தோம். "இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம்" என்றார்கள். இரண்டு கோடரை "தற்காலிகமாக" வேறு புராஜெக்டுக்கு மாற்றினார்கள். விளம்பரப் பணம் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போனது. கேம் வெளிவந்தபோது கடைசித் தேதி தாண்டியிருந்தது. அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக்கூட மீறவில்லை. அதுதான் ஆத்திரம். ஏமாற்றினார்கள் என்று திட்டக்கூட வழியில்லை.

இது சின்னக் கம்பெனிகளின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகள் விளையாடுகிற பிஜிஎம்ஐயின் சொந்தக்காரர்களான கொரிய நிறுவனம் கிராஃப்டன், சப்நாட்டிகா தந்த அன்நோன் வேர்ல்ட்ஸை 2021-இல் 50 கோடி டாலருக்கு வாங்கியது. இலக்கைத் தொட்டால் இன்னும் 25 கோடி டாலர் வரை தருவதாகப் பேச்சு. 2025 ஜூலையில் ஸ்டுடியோவின் தலைவர்கள் மூவரை நீக்கினார்கள், சப்நாட்டிகா 2-இன் வெளியீடு 2026-க்குத் தள்ளிப்போனது. மீதித் தொகையைக் கொடுக்காமல் தப்பத்தான் இதெல்லாம் என்று நீக்கப்பட்டவர்கள் அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கேம் தயாராக இல்லை, அவர்கள் பொறுப்பைக் கவனிக்கவில்லை என்பது கிராஃப்டன் தரப்பு. யார் பக்கம் நியாயம் என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இலக்கும் தேதியும் சேர்கிற இடத்தில்தான் சண்டை வரும் என்பதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் இல்லை.

போன மாதம் ஒரு தம்பி, துடியலூர் பக்கம் ஒரு பேக்கரியில் டீ ஆறுவதுகூடத் தெரியாமல், டெர்ம் ஷீட்டை, அதாவது பேரத்தின் முதல் வரைவுத் தாளை, போனில் காட்டினான்.

"வெளியிடுற தேதி யாரு கையில கண்ணு?" என்றேன்.

"அதெல்லாம் நீங்களே பார்த்துக்கங்கன்னு வாயில சொல்லிப்போட்டாருங்ணா. நல்ல மனுசருங்."

"உங்கப்பா காடு வித்தப்ப வாயிலயா சொன்னாரு?"

அவன் சிரித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. நம் பக்கத்தில் அரை ஏக்கர் விற்றாலும் கிணற்றில் எத்தனை பாகம், மோட்டார் ஓட்ட யாருக்கு எந்தக் கிழமை முறை, வண்டித்தடப் பாத்தியம் எந்த வரப்பு வழியாக என்று கிரயப் பத்திரத்தில் எழுதாமல் விடமாட்டோம். விற்பவர் வாங்குபவரின் மாமனாகவே இருந்தாலும் எழுதுவோம்.

எர்ன்-அவுட்டுக்கு ஒப்புக்கொண்டே ஆக வேண்டுமென்றால் இவை தாளில் இருக்க வேண்டும். வெளியீட்டை வாங்குபவர் தள்ளினால் இலக்கின் கடைசித் தேதியும் அத்தனை நாள் தள்ள வேண்டும். இலக்குக் காலம் முடியும்வரை குழுவில் இத்தனை பேர், விளம்பரத்துக்கு இத்தனை பணம் என்று எண்ணாக எழுத வேண்டும். காரணமில்லாமல் உங்களை நீக்கினாலோ, ஸ்டுடியோவை மூடினாலோ, கேமை வேறு யாருக்காவது விற்றாலோ மீதித் தொகை முழுதும் அன்றே வர வேண்டும். கணக்கைப் பார்க்க உங்கள் ஆடிட்டருக்கு உரிமை வேண்டும். அப்புறம் முடிந்தவரை டவுன்லோடை இலக்காக வைக்காதீர்கள். அது பாதிக்குமேல் விளம்பரப் பணம்தான், அந்தப் பணம் அவர்கள் பெட்டியில் இருக்கிறது.

எழுதி வைத்தால் மட்டும் சண்டை வராதா என்றால், வரும். கால் ஆஃப் டூட்டி தந்த இன்ஃபினிட்டி வார்டின் தலைவர்கள் இருவரை, ஸ்டுடியோவை வாங்கியிருந்த ஆக்டிவிஷன் 2010 மார்ச்சில் நீக்கியது. ஆனால் அந்த வரிசையின் மாடர்ன் வார்ஃபேர் கேம்கள் மேல் அவர்களுக்கிருந்த அதிகாரம் எழுத்தில் இருந்ததால் வழக்காட முடிந்தது. 2012-இல் சமரசமாக முடித்துக்கொண்டார்கள். வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

கேமின் பெயரைத் திரும்பிப் பார்க்காமல் கொடுப்பது

ஹேலோ கேம் தந்த பங்கி ஸ்டுடியோ 2007-இல் மைக்ரோசாஃப்டைவிட்டு வெளியே வந்தது. ஹேலோ அங்கேயே நின்றுவிட்டது. வெஸ்ட்வுட் ஆட்கள் சிலர் பெட்ரோகிளிஃப் என்று புதுக் கம்பெனி தொடங்கினார்கள். 2020-இல் கமாண்ட் அண்ட் காங்கரின் புதுப்பித்த பதிப்பை ஈஏவுக்காகச் செய்து கொடுத்தவர்களும் அவர்களே. தாங்கள் பெற்ற பிள்ளைக்கே ஜாப் ஒர்க். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இன்றும் ஓடுகிறது. அதைச் செய்த என்செம்பிளை 2009-இலேயே மூடிவிட்டார்கள்.

விற்றால் பெயர் போகத்தான் செய்யும், அதற்குத்தானே பணம். ஆனால் இத்தனை வருடம் அந்தப் பெயரில் எதுவும் வெளியிடாவிட்டால் குறித்த விலைக்குத் திருப்பி வாங்கும் முதல் உரிமை எங்களுக்கு என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள். யாரும் கேட்பதில்லை என்பதுதான் சங்கதி.

பாட்டுப் போட்டவரிடம் தாள் வாங்காதது

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, சம்பள ஆள் வேலையாகச் செய்தது முதலாளிக்குச் சேரும். வெளியாள் செய்தது பொதுவாக, எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உங்களுக்குச் சேரும். அந்தத் தாளிலும் காலம் குறிக்காவிட்டால் 5 வருடம், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஈரோட்டு நண்பர் நட்புக்காகப் போட்டுக்கொடுத்த டைட்டில் மியூசிக், வாங்குபவரின் வக்கீல் ஆய்வில்தான் வெளியே வரும். அப்போது நண்பர் துபாயில் இருப்பார், போனை எடுக்கமாட்டார்.

கீஸ்டோர் கடவுச்சொல் ஒரே ஆளிடம் இருப்பது

கீஸ்டோர் என்பது கேமின் அப்டேட்டில் போடுகிற டிஜிட்டல் கையெழுத்தின் சாவி. அது ஒரே ஆளிடம் வேண்டாம்.

வாங்குபவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காதது

சுவீடனின் கேம் நிறுவனமான எம்ப்ரேசர், கண்ணில் பட்ட ஸ்டுடியோவையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது. 2023 மே மாதம், எதிர்பார்த்திருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று கைநழுவியது. அதே வருடம் ஆகஸ்டில் செயின்ட்ஸ் ரோ தந்த வொலிஷனை, 30 வருடத்து ஸ்டுடியோவை, மூடினார்கள்.

சூடாக இருக்கும்போது விற்கமாட்டேன் என்பது

இதில் பலருக்கு என்னோடு ஒத்துப்போகாது. ஓஎம்ஜிபாப் என்ற ஸ்டுடியோவை ஜிங்கா என்ற கேம் கம்பெனி 2012 மார்ச்சில் ஏறத்தாழ 18 கோடி டாலருக்கு வாங்கியது. அவர்களுடைய டிரா சம்திங் வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். வாங்கியவருக்கு நஷ்டம், வேலை போனவர்களுக்குத் துயரம். ஆனால் உச்சத்தில் விற்ற உரிமையாளர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டுடியோவைக் கோயில் என்று பேசுகிறவர்கள் சம்பளத் தேதியன்று வங்கி இருப்பைப் பார்த்தவர்கள் இல்லை. விற்கிற பணத்தில் ஒரு பங்கு முதல் நாளிலிருந்து கூட நின்ற பிள்ளைகளுக்குப் போகிறதா என்பதைத்தான் நான் கேட்பேன்.

"போட்டித் தொழில் செய்யமாட்டேன்" வரியை அசட்டை செய்வது

ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27: தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அதை மட்டும் எங்கோ படித்துவிட்டு, "இந்த வரி சும்மாங்ணா, கோர்ட்டுல நிக்காது" என்கிறார்கள். வேலையைவிட்டுப் போகிற ஊழியருக்கு அது சரி. ஆனால் தொழிலை அதன் நற்பெயரோடு விற்றவருக்கு அதே பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது. நியாயமான எல்லை குறித்து எழுதினால், நிற்கும். விற்றது நீங்கள், ஆகவே விதிவிலக்கில் மாட்டுவதும் நீங்கள்.

அதனால் அந்த வரியை அகலமாக விடாதீர்கள். நான் உடன் உட்கார்ந்த ஒரு பேச்சுவார்த்தையில் "கேம் துறை" என்று இருந்ததை "மொபைலில் பஸ், லாரி ஓட்டும் கேம்கள், இரண்டு வருடம், இந்தியாவுக்குள்" என்று குறுக்கினோம். வாங்குபவரின் வக்கீல் ஒரு மதியம் முழுக்க முணுமுணுத்தார். சாயங்காலம் ஒப்புக்கொண்டார்.