சீரியலுக்கு எழுத வர்றவங்க பண்ற தவறுகள், செட்டிநாட்டு வீட்ல ஷூட்டிங்னா இன்னும் கவனம்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் சீரியல் யூனிட் வந்து இறங்குனா நம்ம ஊர்ப் பசங்க நாலு பேரு அசிஸ்டென்ட்டா ஒட்டிக்கிறாங்க, நல்ல விஷயந்தான். 1940கள்லயே ஏவிஎம் செட்டியார் ஸ்டுடியோ போட்ட ஊரு இது. ஆனா எழுதுன சீன் டிவில வேற மாதிரி வந்தா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறாங்க பாருங்க, அதான் முதல் தவறு. சேனல்ல ஒன்லைன் (கதைச்சுருக்கம்) ஓகே ஆகி, ஸ்கிரீன்ப்ளே ஆகி, டயலாக் ஆகி, அப்புறம் ஸ்பாட்ல மாறி, எடிட்ல மாறி, டப்பிங்லயும் மாறித்தான் எபிசோட் வீட்டுக்கு வரும்.

பெரிய தவறு என்னன்னா, கதையோட முடிச்ச சுலபமா காணாமப்போற இடத்துல போடுறது. "ஐயா பத்திரத்த ரெண்டாங்கட்டு அறைல இருக்குற பெட்டகத்துல பூட்டி வைக்கிறாரு"ன்னு எழுதிருப்பீங்க. ஆனா அந்த வீட்டுக்கு பங்காளிக நெறைய, வளவச் (நடு முற்றத்த) சுத்தி இருக்குற அறை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம், ஒரு சாவி சென்னைல இருக்கும், இன்னொண்ணு சிங்கப்பூர்ல இருக்கும், கடைசில முகப்பும் முதல் வளவும் மட்டும் எடுத்துக்கங்கன்னு சொல்லிருவாங்க. வாடகை நாள் கணக்குல ஓடுது, டைரக்டர் காத்திருக்க மாட்டாரு, பெட்டகம் போயி சூட்கேஸ் வந்துரும். அது தப்பில்ல. ஆனா வீட்டு சீனையெல்லாம் மொத்தமா ஒரே ஷெட்யூல்ல எடுத்துட்டு மிச்சத்த சென்னைல எடுப்பாங்கள்ல, அங்க போற பேப்பர்ல இன்னும் "பெட்டகத்த உடைச்சுட்டாங்க"ன்னே இருக்கும், யாரும் திருத்திருக்க மாட்டாங்க. அதனால பத்திரம் தொலையணும்ங்கறதுதான் கதைன்னா அத மட்டும் கெட்டியா பிடிச்சுக்கங்க, எதுக்குள்ள வச்சாருங்கறத லூசா விடுங்க. லொகேஷன் பாக்க போறவங்ககிட்ட எந்தெந்த அறை கிடைக்கும்னு கேட்டுட்டு எழுதுனா பாதி தலைவலி குறையும்.

அடுத்தது நேரம். விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு விளம்பரம் 12 நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது, அப்ப அரை மணி ஸ்லாட்ல கைல மிஞ்சுறது 24, அதுலயும் டைட்டில், முன்கதை, நாளைக்கு வர்றது எல்லாம் போகணும். நீளம் கூடிருச்சுன்னா எடிட்டர் முதல்ல கை வைக்கிறது சீனோட தலைலதான். "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடுறீகளா" பேச்சு நடுவுல முக்கியமான தகவல ஒளிச்சு வச்சீங்கன்னா அது சேந்தே போயிரும்.

சடங்கு சம்பந்தப்பட்டத டிராஃப்ட்லயே சரி பாத்துருங்க, ஸ்பாட்ல பாத்துக்கலாம்னு விடாதீங்க. நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) கதைன்னு சொல்லிட்டு ஒரே கோயில் ஒரே பிரிவுக்குள்ள பொண்ணு எடுக்குற மாதிரி எழுதுனா, பங்காளிக்குள்ள கல்யாணமான்னு ஊரே சிரிக்கும் (நகரத்தார் ஒன்பது கோயிலாப் பிரிஞ்சவங்க, எது யாருதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு போன் போட்டா போதும்). அதே மாதிரி டயலாக்ல கழுத்துருன்னு (நகரத்தார் கல்யாணத்துல கட்டுற தங்கத் தாலி) இருக்கும், ஆர்ட் டிபார்ட்மென்ட்கிட்ட இருந்தது மஞ்சக்கயிறுதான், கட்டி முடிச்சாச்சு. இப்ப அடுத்த எபிசோட்ல மாமியார் "கழுத்துருவ கழட்டுடி"ன்னு கத்துனா பாக்குறவங்க எதப் பாக்குறது?

டப்பிங் பத்தி ஒண்ணே ஒண்ணு. ஹீரோயின் வேற மொழிக்காரப் பொண்ணுன்னா ப்ராம்ப்ட் பண்ணித்தான் (பக்கத்துல நின்னு ஒருத்தர் சொல்லச் சொல்ல) பேசும், வாய் அசைவுக்கு ஏத்த மாதிரி வரிய சுருக்குவாங்க. மூச்சு விடாம நாலு வரி எழுதாதீங்க, எப்படியும் ஒரு வரிதான் மிஞ்சும்.

வியாழக்கிழமை ரேட்டிங் வந்ததும் கதையோட டிராக் மாறும், சாகவேண்டிய ஆளு பொழைப்பாரு, அதுக்கெல்லாம் சண்டை போட்டு பிரயோஜனமில்ல.

கடைசியா ஃபைல் விஷயம். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'ஒரிஜினல் ஃபைனல்'னு வாட்ஸப்ல அனுப்பி வச்சுட்டு ஷூட்டிங் காலைல எது சரின்னு தேடுறது இருக்கே, ஐயோ. அமெரிக்கால திருத்தின பக்கத்த நீலம், பிங்க், மஞ்சள்னு கலர் பேப்பர்ல கொடுப்பாங்க, பாத்ததுமே எது புதுசுன்னு தெரிஞ்சுரும். நமக்கு கலர் வேண்டாம், ஃபைல் பேர்லயே தேதியும் நேரமும் போடுங்க, பழச அழிக்காதீங்க. எபிசோட் ஒளிபரப்பான ராத்திரி டிராஃப்ட்ட கைல வச்சுக்கிட்டு எது மாறிருக்குன்னு குறிச்சு, அடுத்த வாரம் எழுதுற டயலாக் ரைட்டருக்கு அனுப்பிருங்க, அவரு எபிசோட் பாத்துருப்பாருன்னு மட்டும் நம்பிராதீங்க.